பூசணம் பிடிப்பதற்குள்...

"ஐயோ...!"

அலறியவன் ஜக்ரித்.

தாய்லாந்தின் சியாங்மாய்க்கு வெளியே, மழையில் ஊறிக்கொண்டிருந்த அந்தக் கிடங்கிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தான். உள்ளே மண்ணே இல்லாமல், தண்ணீரிலேயே கஞ்சா வளர்க்கிறார்கள். லைசென்ஸோடுதான். செடிகளுக்குத் தனி ஏசி, தனி விளக்கு, தனி காற்று. மனிதர்களுக்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூடக் கிடையாது.

பூ அறையின் மூலையில் முதலாளி போரிபத் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது.

பூக்களின் அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சுமாலி வந்து சேர்ந்தபோது, சார்ஜன்ட் ப்ரயூர் கேஸையே முடித்திருந்தார். வாசல் பெஞ்சில் கைவிலங்கோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு இவங்க?"

"கொலைகாரி, மேடம்."

"அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கிட்டாங்களா?"

ப்ரயூர் தலையைச் சொறிந்தார். "செத்தவரோட சம்சாரம் ராச்சனி. பாடிக்குப் பக்கத்துல இவங்க செருப்பு கிடக்குது. நேத்து சாயங்காலம் 'உன்னைக் கொல்லாம விட மாட்டேன்'னு இவங்க கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கு."

"சொன்னீங்களாம்மா?"

"கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன்," என்றாள் ராச்சனி. "ஒரு நாளாவது அந்த மனுஷன் ஒத்துழைச்சாரா?"

"செருப்பு எப்படி உள்ள போச்சு?"

"எறிஞ்சேன்."

"ஏன்?"

"செடிக்கு ஏசி மேடம். பொண்டாட்டிக்கு ஓட்டை ஃபேன். தினமும் பாயைச் சுருட்டிக்கிட்டு இங்க வந்து படுத்துக்குவாரு. நானும் வரேன்யான்னு கேட்டா, 'நீ மூச்சு விட்டா ரூம்ல ஈரம் ஏறும்'ங்கறாரு. நீங்களா இருந்தா எறிய மாட்டீங்க?"

"நான் துப்பாக்கி வெச்சிருக்கறவ. என்னைக் கேட்காதீங்க."

ராச்சனி சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"வாய்தான் மேடம் பேசுது. உள்ள நடுங்குது. கொலைக் கேஸ்னா நான் திரும்பி வரவே மாட்டேன்ல? எம் பொண்ணுக்கு அப்பாவும் போயி, அம்மாவும் போயி... நான் செருப்பை எறிஞ்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். சத்தியமா அவ்வளவுதான்."

சுமாலி உள்ளே நடந்தாள்.

பூ அறைக் கதவில் ஜக்ரித் மறித்தான். ஒல்லியான ஆள். செடிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"மேடம், ஷூவுக்கு உறை போட்டுக்கங்க. வெளிப் பூசணம் உள்ள வந்துரும்."

"உள்ள ஒரு பிணமே கிடக்கு ஜக்ரித்."

"அது பரவால்ல மேடம். அண்ணன் குளிச்சிட்டுத்தான் படுப்பாரு."

சுமாலி அவனை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். உறையைப் போட்டுக்கொண்டாள்.

அறை குளுகுளுவென்று இருந்தது. ஃபேன்கள் சுழன்றன. ஓர் இரும்புப் பெட்டி லாரிபோல உறுமிக்கொண்டு காற்றிலிருந்த ஈரத்தை உறிஞ்சியது. செடிகள் கல்யாண வீட்டுப் பெண்கள்போல நின்றன. செத்தவரைப் பற்றி அவற்றுக்கு ஒரு கவலையும் இல்லை.

பாயும் தலையணையும் ஒரு சுவரோரம் கிடந்தன. ரத்தம் முழுக்கத் தலையணையில்தான். பிணம் மட்டும் எதிர் மூலையில்.

தரையில் இழுத்த தடம்.

"அந்தச் சுவத்துல கீழ என்ன அது, கம்பி வலை?"

"காத்து உள்ள வர்ற வழி மேடம்." ஜக்ரித்தின் குரலில் திடீரென்று உயிர் வந்தது. "கீழ நுழைஞ்சு, செடிக்கு நடுவுல ஏறி, மேல எக்ஸாஸ்ட்ல போயிரும். காத்து நின்னா ஈரம் தங்கும். ஈரம் தங்கினா பூசணம். பூவை உள்ளேருந்து தின்னுக்கிட்டே வரும் மேடம். வெளிய பார்த்தா தங்கம். பிரிச்சா சாம்பல்."

"அந்த வலைக்கு முன்னாடி ஒருத்தர் தலகாணி போட்டுப் படுத்தா?"

ஜக்ரித்தின் உயிர் திரும்பப் போனது.

"...அடைக்கும்."

"நீ எப்ப வந்தே?"

"காலைலதான் மேடம். பார்த்தேன். கத்தினேன். எதையும் தொடல."

சுமாலி வெளியே வந்தாள். கதவுக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில் ஒரு மீட்டர் மின்னியது. அதன் ஒயர் சுவரைத் துளைத்து உள்ளே போயிருந்தது. ஈரப்பதம் நாற்பத்தாறு.

"ராச்சனி, உள்ள காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு தெரியுமா?"

"ஏசியிலேருந்து. வேற எங்கேருந்து வரும்?"

சுமாலி ப்ரயூரைத் தனியே இழுத்துப் போனாள்.

"கொன்னவன் பிணத்தை ஒளிக்கல. கதவுப் பக்கமும் கொண்டு போகல. காத்துக்கு வழி விட்டுட்டுப் போயிருக்கான். செருப்பால அடிக்கற பொண்டாட்டி காத்துக்கு வழி விடுவாளா?"

"அப்ப ஜக்ரித்தைத் தூக்கிரலாமா மேடம்?"

"எதை வெச்சு? ஜட்ஜய்யா, இவன் செடியை ரொம்ப நல்லா பார்த்துக்கறான்னு சொல்லவா?"

ப்ரயூர் யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. சீக்கிரம் விட்டுவிட்டார்.

சுமாலி அவர் காதில் ஏதோ சொன்னாள். ப்ரயூரின் முகம் மலர்ந்தது.

போட்டோ எடுத்து, பிணத்தை வண்டியில் ஏற்றியதும், சுமாலி எல்லோர் காதிலும் விழும்படி உத்தரவு போட்டாள்.

"ரூமை சீல் வைக்கறோம். பாங்காக்லேருந்து தடயவியல் ஆளுங்க வரணும். அதுவரைக்கும் ஃபேன், மெஷின் எல்லாம் ஆஃப். தடயம் காத்துல பறந்துரக் கூடாது. ப்ரயூர், நீங்க உள்ள காவல் இருங்க."

"மெஷினுமா...?" ஜக்ரித் ஓரடி முன்னால் வந்தான். "அவங்க எப்ப மேடம் வருவாங்க?"

"மழையைப் பார்த்தீல்ல? நாளைக்கு. இல்லேன்னா நாளன்னைக்கு."

உறுமல் நின்றது. கூரையில் மழை மட்டும் கேட்டது.

சுமாலி பெஞ்சில் ராச்சனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டும் சோற்றையும் குச்சியில் குத்திச் சுட்ட பன்றிக்கறியையும் பிரித்தாள். விலங்கு போட்ட கைக்கு ஒரு கறிக்குச்சியை நீட்டினாள். ராச்சனி வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு மகள் வரும் வழி அது.

ஜக்ரித் மீட்டருக்கு முன்னால் நின்றான்.

ஐம்பத்திரண்டு.

"மேடம், ஃபேன் மட்டுமாவது..."

"தடயம்."

அறுபத்தொன்று.

"மேடம், அறுபது தாண்டிருச்சு."

"என் சம்பளம் இப்படி ஏறினா எவ்வளவு நல்லா இருக்கும்."

ஜக்ரித் மழையில் இறங்கி ஓடினான். வாசலில் இருந்த காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி, சிவப்பு சோடா பாட்டிலைத் திறந்து வைத்து, விழுந்து கும்பிட்டான். திரும்பி வந்து பார்த்தான்.

எழுபத்தாறு. தெய்வத்துக்கு ஈரப்பதம் பற்றி ஒன்றும் தெரியாதுபோல.

"அண்ணி, நீங்க சொல்லுங்க," என்று ராச்சனியின் காலடியில் உட்கார்ந்தான். "பூ எல்லாம் போயிரும் அண்ணி. விதையிலேருந்து நான் வளர்த்தது."

"என் புருஷன் போயிட்டாருடா," என்றாள் ராச்சனி. "நீ பூவுக்கு அழறே."

எண்பத்து நான்கு.

ஜக்ரித் எழுந்தான். மீட்டரைத் தொட்டான். நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டான்.

"மெஷினைப் போடுங்க மேடம். சொல்லிடறேன்."

"என்ன சொல்லிடறே?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"அண்ணனை நான்தான் அடிச்சேன். போதுமா? மெஷினைப் போடுங்க."

"எதால அடிச்சே?"

"மாத்தறதுக்காகக் கழட்டின பழைய தண்ணி பம்ப்பு. தொட்டிக்குப் பக்கத்துல, வேருக்குப் பிடிப்பா போடற களிமண் உருண்டை மூட்டை இருக்கு. அதுக்குள்ள போட்டிருக்கேன். என் சட்டையும் அதுலதான். மேடம், எண்பத்தஞ்சு..."

சுமாலி போய் மூட்டையைக் கவிழ்த்தாள். உருண்டைகளோடு இரும்பு பம்ப்பும், ரத்தம் காய்ந்த சட்டையும் விழுந்தன.

"எதுக்குடா கொன்னே?"

"மெஷின் உறுமுது, தூக்கம் வரலேன்னு ஆஃப் பண்ணிட்டாரு மேடம். நேத்து நீங்க சண்டை போட்டுட்டுப் போனப்புறம் வந்தேன் அண்ணி. மீட்டர் எழுபதுல நிக்குது. காத்து வர்ற வழியில தலகாணியைப் போட்டுக் குறட்டை விடறாரு. எழுப்பிக் கெஞ்சினேன். 'பூவாவது புண்ணாக்காவது, போடா'ன்னுட்டு மறுபடி திரும்பிப் படுத்துட்டாரு. கையில பம்ப்பு இருந்திச்சு."

"கொன்னுட்டு என்ன பண்ணே?"

"அவரைத் தள்ளிப் போட்டுட்டு, மெஷினை ஆன் பண்ணேன்." அதைச் சொல்லும்போது அவன் கொஞ்சம் நிமிர்ந்தான். "காலைல நாற்பத்தாறுக்குக் கொண்டு வந்துட்டேன் மேடம்."

ராச்சனியின் கையிலிருந்த குச்சி நழுவியது.

"தூங்கத்தானேடா படுத்தாரு..." என்றாள். "அந்த மனுஷன் தூங்கத்தானே படுத்தாரு."

வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அப்போதுதான் அழுதாள்.

சுமாலி அவள் கைவிலங்கைக் கழற்றினாள். அதே விலங்கை ஜக்ரித்துக்குப் போட்டாள்.

"உங்க பொண்ணு வர்ற நேரமாச்சும்மா. முகத்தைக் கழுவிக்கங்க."

"மேடம், மெஷின்..." என்றான் ஜக்ரித். "வாக்கு குடுத்தீங்க."

"நான் எங்கடா குடுத்தேன்? சரி, வா."

சுமாலி கதவில் ஒட்டியிருந்த சீல் தாளைக் கிழித்துத் திறந்தாள்.

சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் போடுகிறவற்றை மட்டும்தான் அவள் நிறுத்தச் சொல்லியிருந்தாள். ஜக்ரித் பாய்ந்து போய், விலங்கிட்ட கையால் பக்கத்துப் பூவைத் தொட்டான்.

ஒரு பொட்டு ஈரம் ஏறவில்லை. அப்பளம்போல இருந்தது.

அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

மீட்டரின் சென்சார் கதவோரம் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே ஒரு கெட்டில். அதில் தண்ணீர் தளதளவென்று கொதித்து, ஆவி சென்சாரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சார்ஜன்ட் ப்ரயூர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காலி நூடுல்ஸ் கப்புகள்.

ப்ரயூர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நீண்ட ஏப்பம் விட்டார்.

"ஒத்துக்கிட்டானா மேடம்? கொதிக்க வெச்ச தண்ணியை வீணாக்கக் கூடாதேன்னு தின்னுக்கிட்டே இருக்கேன்... இன்னும் ஒரு அஞ்சு பாயின்ட் ஏத்தணும்னா, வயிறு வெடிச்சு அடுத்த பொணம் நான்தான்."