நட்டைப் பிடித்த கை

படகுப் பட்டறையின் கடைசி வரிசையில், இரும்புத் தாங்கிகளின் மேல் அந்தப் பழைய மோட்டார் படகு நின்றிருந்தது. தண்ணீரில் இருக்க வேண்டியதைத் தரையில் ஏற்றித் தார்ப்பாயைப் போர்த்திவிட்டால் எந்தப் படகும் கொஞ்சம் பரிதாபமாகத்தான் தெரியும். ஏணியில் முதலில் தம்பி ஏறினான். இரண்டு கையிலும் பையோடு பின்னால் அக்கா ஏறினாள்.

கேபின் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. டீசல், பூஞ்சை, ஊறிப்போன பஞ்சு. இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நெடுநேரம் இறுக மூடியிருந்த உள்ளங்கையின் வியர்வை வாடை.

"அரண்மனை மாதிரி இருக்குல்ல?" என்றான் தம்பி.

"எலிக்கு அரண்மனைதான். மூக்கைப் பொத்திக்கிட்டு வேலையைப் பாரு."

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்து, எந்த நேரமும் பிரேக்கில் காலை வைத்தபடி காலம் தள்ளுகிறவள். தம்பிக்கு முடிவெட்டும் தொழில். மனைவி பிரிந்துபோன பிறகு, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தான்; மாதங்கள் ஓடியும் போகவில்லை. மாமாவுக்கு அறையைக் கொடுத்துவிட்டு அவள் மகள் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். புருஷன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவார். படகை வாங்கிச் சரிபண்ணி அதிலேயே குடியிருக்கிறேன் என்று தம்பி சொன்னபோது, கிறுக்குத்தனம் என்று தெரிந்தும் அக்கா தலையாட்டினாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர்தான். ஆனாலும் அவன் கிளம்பினால் போதும், மகளுக்கு அறை கிடைக்கும் என்றிருந்தது.

ஆள் வைக்க வசதியில்லை. லீவு நாளெல்லாம் இருவரும்தான் மாரடித்தார்கள். மெத்தைகளை வெளியே எறிந்தார்கள். உளுத்த பலகைகளைப் பெயர்த்தார்கள், புதுசு அறுத்துப் பொருத்தினார்கள். கத்தரிக்கோல் பிடித்த கை என்பதால் தம்பி ரம்பத்தையும் செல்லமாகவே பிடித்தான். அக்கா உச்சுக் கொட்டிவிட்டு அதைப் பிடுங்கிக்கொள்வாள்.

கூரை மேல் கைப்பிடிக் கம்பி மாட்டுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலிருந்து போல்ட்டை முறுக்க வேண்டும். இன்னொருவர் உள்ளே அதன் முனையில் நட்டைப் போட்டு ஸ்பேனரால் பிடிக்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லையென்றால் போல்ட் வெறுமனே சுற்றும். தார்ப்பாய் படபடக்கிற சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது என்பதால் தட்டிப் பேசிக்கொண்டார்கள். ஒரு தட்டு என்றால் பிடிச்சாச்சு. இரண்டு தட்டு என்றால் விடு.

தம்பி மேலே, அக்கா உள்ளே. இரண்டாவது போல்ட் முடிந்தபோது அவள் போன் அடித்தது. டெஸ்ட்டில் மறுபடியும் தோற்றுப்போன மாணவி ஒருத்தி ஓவென்று அழுதாள். பேச்சு விட்டு விட்டுக் கேட்டதால் அக்கா ஏணியில் இறங்கிப் பட்டறை வாசல் வரை போய், அவளைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினாள்.

கேபினுக்குள் அவள் நுழைந்ததும், தம்பி மேலிருந்து தலைகீழாகக் குனிந்து ஜன்னல் வழியே சிரித்தான்.

"கலக்கிட்டே அக்கா! நான் போல்ட்டைப் போடறதுக்குள்ள தட்டிடறியே!"

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

எல்லா போல்ட்டிலும் நட்டு ஏறியிருந்தது. விரலால் திருகினாள். இம்மியும் அசையவில்லை.

ஸ்பேனர் அவள் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் அவள் போயிருந்தாள்.

"என்னக்கா? பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறாள். சொன்னால் படகை விட்டுவிடுவான். மறுபடியும் அந்த அறை, மறுபடியும் பாத்திரச் சத்தம்.

"ஒண்ணுமில்ல. உன்னை மாதிரி ஊர்க்கதை பேசிக்கிட்டா வேலை செய்வேன்?" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

அதன்பிறகு அவள் கேபினில் தனியாக இருக்கவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி வெளி வேலைகளையே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவனைத் தனியாக உள்ளே விடுகிறோமே என்று மனசு குத்தியது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று அதன் வாயை அடைத்தாள்.

கூரையின் உட்புறம் விரிப்பு ஒட்டும் நாள் வந்தது. அந்தப் பசை டப்பாவைத் திறந்தாலே கண் எரியும், தலை கிறுகிறுக்கும். மதியம் மழை பிடித்தது. காற்றில் தார்ப்பாயின் ஒரு பக்கம் அவிழ்ந்து அடித்துக்கொண்டது.

"கதவைச் சாத்தாதேடா. பசை நெடி ஆளைச் சாய்ச்சிடும்."

"சாரல் வந்தா ஒட்டாதுக்கா. நீ போய் மேல கட்டு. அப்பப்போ தட்டிப் பாரு, நானும் தட்டறேன். தட்டலைன்னா பொணத்தை எடுத்துக்கோ."

"வாயைக் கழுவு."

அவள் கூரைமேல் முழங்காலிட்டுக் கயிற்றோடு மல்லுக்கட்டினாள். மழை இரைந்தது. தார்ப்பாய்க்கு அடியில் பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது.

தட்டினாள்.

உள்ளிருந்து ஒரு தட்டு. பிடிச்சாச்சு.

ஒரு முடிச்சுப் போட்டாள். தட்டினாள். உடனே ஒரு தட்டு. நிம்மதியாக அடுத்த மூலைக்குத் தவழ்ந்தாள். கயிறு ஈரத்தில் வழுக்கியது. அந்த முடிச்சு விழ நெடுநேரம் ஆயிற்று. மறுபடியும் தட்டக் கையை ஓங்கினாள்.

கை கூரையைத் தொடும் முன்பே பதில் வந்தது.

சரியாக அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே.

அவள் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கப் போட்டு, ஜன்னல் வழியே பார்த்தாள். கண்ணாடி முழுக்க நீராவி. அதன் ஒரு தெளிந்த மூலையில் தம்பியின் செருப்புகள் தெரிந்தன. நுனிகள் மேலே பார்த்தபடி இருந்தன. அவன் தரையில் கிடந்தான். பசை பிரஷ் அவன் நெஞ்சில் ஒட்டியிருந்தது.

அவன் அசையவில்லை.

கூரையில் ஒரு தட்டு.

கீழே குதித்துக் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைத் திருகினாள். திருகிய அளவுக்கு அது திரும்பிவந்தது. பூட்டு இல்லை, தாழ்ப்பாளும் இன்னும் மாட்டவில்லை. உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள். ஆத்திரமும் இல்லை, அவசரமும் இல்லை. அவள் எவ்வளவு பலம் போட்டாளோ அவ்வளவே பலம் போட்டு, நட்டைப் பிடிப்பது போல நிதானமாகப் பிடித்திருந்தார்கள்.

"டேய்! தம்பி! கண்ணைத் திறடா!"

தோளால் இடித்தாள். காலால் உதைத்தாள். எதற்கும் மசியாதபோது, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், முஷ்டியை மடக்கிக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

விடு.

கைப்பிடி சட்டென்று தளர்ந்தது.

நெடி அவளைத் தள்ளியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தம்பியின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தாள். உடம்பு வந்தது, அவன் இடது கை மட்டும் வரவில்லை. இருட்டுப் பக்கமாக விறைப்பாய் நீண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்து இன்னொரு முறை இழுத்தபோது, அந்தப் பக்கம் அதைப் பிடித்திருந்ததும் கூடவே வந்ததுபோல, கை லேசாக வந்துவிட்டது.

மழையில் கிடத்தியதும் அவன் இருமினான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு கதறி அழுதாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, பிழைத்தது பெரிய விஷயம் என்று சொல்லிச் சாயங்காலம் அனுப்பிவைத்தார்கள்.

"படகும் வேணாம், ஒண்ணும் வேணாம். எவ்வளவு நாள் ஆனாலும் நம்ம வீட்டுலயே இருடா," என்றாள் காரை எடுத்தபடி. புருஷன் எத்தனை பாத்திரத்தை உடைத்தாலும் உடைக்கட்டும்.

அவன் பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான்.

"நீ ஏன்க்கா விடவே இல்ல?"

"என்னடா?"

"கதவுகிட்ட வந்துட்டேன். நீதான் கையைப் பிடிச்சுக்கிட்டு, உக்காரு, உக்காருன்னே."

அவள் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது. திரும்பிப் பார்த்தாள். அவன் இடது கை சீட்டின்மேல் இருந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. டாக்டர் அதைத் தசைப்பிடிப்பு, தானாகச் சரியாகும் என்றிருந்தார். எட்டி, அவன் மணிக்கட்டில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினாள்.

விரல்கள் அசையவில்லை.

வீட்டு வாசலில் மகள் ஓடிவந்து மாமாவைக் கட்டிக்கொண்டாள். "பயந்துட்டேன் மாமா," என்று அவன் இடது கையைப் பற்றி உள்ளே அழைத்துப்போனாள். கூடத்தில் அவன் நின்று, கையை உதறினான். விரல்கள் சுலபமாக விரிந்தன.

"அட, சரியாயிடுச்சுக்கா!" என்று சிரித்தான். "இன்னைக்கு நான் கூடத்துல படுத்துக்கிறேன். பாப்பா ரூமுக்குப் போகட்டும்."

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

மகள் சந்தோஷமாகத் தன் அறையை நோக்கி நடந்தாள். அவள் வலது கை உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. அறைக்குள் நுழைந்ததும், பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.