சிவப்பு மை பட்ட கார்டு

"சியரா... இண்டியா... மைக்... ஆஸ்கர்... நவம்பர்..."

துவாரகா போகும் மெட்ரோவில் நின்றுகொண்டு, கூரியர் ஆபீசுக்குப் போனில் சைமன் என்ற பேரை யாராவது இப்படி எழுத்துக்கு ஒரு வார்த்தையாகக் கூட்டிச் சொல்வார்களா? பொழுதுபோக்காக ரேடியோவில் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் பைத்தியம்! வினோலியா திடுக்கிட்டுத் திரும்பினாள். முகம் புதுசு. குரல்... நாலு மாதமாகத் தினமும் காலையில் நர்ஸ் ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் கேட்ட குரல். இரண்டு வாரமாகக் கேட்காத குரல்.

ஐயோ, அந்தக் கண்ணைப் பாரேன்... குரலைவிடச் சாதுவாக இருக்கிறதே!

வம்பை இழுத்தது அவள்தான். ஹாம்கள் பேசிக்கொண்டால், பேசியது நிஜம் என்று ஒருவருக்கொருவர் கார்டு அனுப்புவது வழக்கம். சைமன் அனுப்பிய கார்டில் ரேடியோ அலைவரிசையை எழுதி, சிக்னல் வலுவுக்கு முழு மார்க்கும் போட்டிருந்தான். பேசியதோ இன்டர்நெட்டில். அதில் சிக்னல் வலு ஏது? 'இன்டர்நெட் வழியாக' என்று எழுதுவதுதான் முறை. வினோலியா சும்மா இருந்தாளா? சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள். அதோடு சரி... ஆள் பேச்சையே நிறுத்திவிட்டான்.

இப்போது விட்டால் அந்தக் குரல் போனதுதான். கிட்டே போய்த் தன் பேரைச் சொன்னாள்.

சைமனின் முகம் சுருங்கியது. "அச்சா... டீச்சரம்மாவா?"

மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் தப்பு தப்புதான் என்றாள். அவன் மெல்ல ஒப்புக்கொண்டான். அவன் குடியிருக்கும் புசா ரோடு வீட்டுக்காரர் மாடியில் ரேடியோ ஆண்டெனா கட்ட விடவில்லையாம். ரேடியோவே இல்லாத வெறும் கம்ப்யூட்டர் ஹாம் என்று அவள் இளப்பமாக நினைத்துவிடுவாளோ என்ற பயத்தில் எழுதிய பொய்யாம்.

"நான் மட்டும் என்ன, ஹாஸ்டல்ல டவரா கட்டியிருக்கேன்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜேந்திரா பிளேஸ் வந்தது. அவன் இறங்கவேண்டிய இடம். இறங்கவில்லை. பையிலிருந்து புதுக் கார்டை எடுத்து, 'இன்டர்நெட் வழியாக' என்று எழுதி நீட்டினான்.

"ரெண்டு வாரமா எனக்குப் பொழுதே விடியல, வினோலியா. உங்களைப் பிடிச்சிருக்கு... இதையும் கார்டுல எழுதட்டுமா?"

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. சந்தோஷம் தாங்கவில்லை.

"நேர்ல சொன்னதுக்குக் கார்டு கிடையாது," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "தினமும் சொல்லணும்."