வலக்காதில் வந்த ரயில்

"இந்த ஆல்பம் மூணு ஸ்டாருக்கு மேல தேறாது," என்றாள் ஈவ்லின்.

"நீ இடது பக்கம் மட்டும் கேட்டுட்டு சொல்லாதக்கா. கடைசிப் பாட்ட நான் இன்னும் கேக்கல. போற வழியில கேக்குறேன். அதுக்குள்ள எதையும் போட்டுத் தொலைக்காத."

ஷெர்வின் இட்லியின் கடைசித் துண்டை விழுங்கிவிட்டு ஷூவுக்குள் காலை நுழைத்தான். பொத்தேரியில் கல்லூரி. பெருங்களத்தூர் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குத் தண்டவாளத்தைக் கடந்துதான் போக வேண்டும். வீட்டுக் கேட்டைச் சாத்தாமலே போனான். எப்போதும் அப்படித்தான் போவான்.

அக்காவும் தம்பியும் ஒரு வலைப்பூ நடத்திவந்தார்கள். உலகத்தின் ஏதேதோ மூலைகளில் பேர் தெரியாதவர்கள் தாங்களே பதிவுசெய்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளட்டும் என்று இணையத்தில் சும்மா போட்டுவிடுகிற 'காதிக் ராக்' என்னும் இருண்ட வகை ராக் ஆல்பங்களுக்கு அதில் மதிப்புரை எழுதுவார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போன்ற குரல்கள், மழை நாள் மாதிரி இழுத்துக்கொண்டே போகும் கிடார். அம்மா தபீதாள் டீச்சருக்கு அதெல்லாம் பிசாசுப் பாட்டு.

வீட்டில் இருந்தது ஒரே இயர்போன். இடது முனை அவளுக்கு, வலது முனை அவனுக்கு. அவரவர் பக்கம் வந்ததை அவரவர் எழுதுவார்கள். மதிப்புரையில் 'இடக்காது' என்று ஒரு பகுதி, 'வலக்காது' என்று ஒரு பகுதி. தனியாகக் கேட்கும்போதும் ஷெர்வின் வலது முனையை மட்டுமே செருகிக்கொள்வான். இடது முனை கழுத்தில் தொங்கும். அது அக்காவின் பக்கம்.

அன்று அவன் ரயிலில் அடிபட்டுச் செத்த பிறகு, அந்தப் பழக்கமே அவன்மேல் பழியாக விழுந்தது.

"ஹாரன் வுட்டுக்கினேதாம்மா வந்துச்சு," என்றார் ரயில்வே கேட் காவலர் அப்பாதுரை. "நான் கத்துறேன், கையாட்டுறேன். அந்தத் தம்பி நடுவுல நின்னு, கண்ண மூடிக்கினு சிரிச்சுது. நகரவே இல்ல."

சபைக் கமிட்டியில் அதையே திரும்பச் சொன்னார்கள். கமிட்டித் தலைவர் லாசரஸ் விரல்களைக் கோத்துக்கொண்டு பேசினார். "ஒரு காது தொறந்துதான் இருந்திருக்கு. ஹார்ன் கேட்டிருக்கு. சிரிச்சிருக்கான். தானா சாகப் போய் நின்னவனுக்கு சபை முறைப்படி அடக்கம் எப்படிம்மா செய்ய முடியும்? நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?"

தபீதாள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சபை சொல்றபடி."

கீதம் பாடவில்லை. கல்லறைத் தோட்டத்து மதில் ஓரமாகப் புதைத்தார்கள். கல் வைக்க அனுமதி தரவில்லை. 'ஆதாரம் இருந்தால் கொண்டு வா, பார்ப்போம்' என்று ஈவ்லினிடம் லாசரஸ் அன்பாகவே சொன்னார். அந்த அன்பை அவள் மன்னிக்கவே இல்லை.

போலீஸ் ஒரு கவரில் போட்டு இயர்போனைக் கொடுத்தது. அவன் பாட்டுக் கேட்ட பிளேயர் நசுங்கியிருந்தது. இயர்போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு மத்தியானம் ஈவ்லின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவன் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்ற அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டாள். முதன்முறையாக வலது முனையைத் தன் காதில் செருகினாள்.

உள்ளே லேசான சூடு இருந்தது. யாரோ அப்போதுதான் கழற்றிக் கொடுத்ததுபோல.

கிடார் வந்தது. குரல் வந்தது. பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கிய ஓர் இடத்தில், தூரத்திலிருந்து ஒரு ரயில் ஹார்ன் எழும்பிக்கொண்டே வந்தது. பாட்டோடு அவ்வளவு பொருத்தமாக, பாடகனே யோசித்து வைத்ததுபோல.

இடது முனையை வைத்துப் பார்த்தாள். அதில் ஹார்ன் இல்லை.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவன் சாகப் போய் நிற்கவில்லை. நிஜ ஹார்னைப் பாட்டில் வருவதென்று நினைத்துவிட்டான். ரசித்துச் சிரித்திருக்கிறான், மடையன். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அந்த ரயில் சத்தத்தை எங்கே பதிவுசெய்தாய் என்று ஆல்பத்தைப் போட்டவனுக்கு மெயில் எழுதினாள். அவன் ஐஸ்லாந்துக்காரன். மறுநாளே பதில் வந்தது. 'என் பாட்டில் ரயில் எதுவும் இல்லை. எங்கள் நாட்டில் ரயிலே கிடையாது.'

அதற்குமேல் தனியாகக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு வலப்பக்கம் உட்காரவைத்தாள்.

"ஒரே ஒரு தடவம்மா. அவனுக்காக."

தபீதாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வலது முனையை வாங்கினாள். இடது முனை ஈவ்லின் காதில். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. கடந்தும் போனது.

"ஹார்னும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் கிடார்தான்டி," என்றாள் தபீதாள்.

அப்போது கரண்ட் போனது.

திரை இருண்டது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. தெருவில் மீன்காரம்மாவின் குரல் தேய்ந்து போனது.

ஈவ்லினின் காதில் சத்தமே இல்லை.

அம்மா மட்டும் வலது முனையைக் கழற்றவில்லை.

அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

ஈவ்லின் மெல்லச் சாய்ந்து தன் காதை அம்மாவின் காதருகே வைத்தாள். உயிரில்லாத அந்த ஒயரின் முனையில், கொசுவின் ரீங்காரம் அளவுக்கு, ஹார்ன் கேட்டது. அதன்மேல் ஒரு குரல்.

"அக்கா, இந்த எடம் கேட்டியா? ரயில் வச்சிருக்கான் பாரு. செம."

சின்னதாக ஒரு சிரிப்பு.

"இதுக்கு நாலு குடுக்க..."

அத்தோடு அறுந்தது.

தபீதாள் அதைப் பிடுங்கி மேஜையில் போட்டாள்.

"அது அவன் இல்ல."

"உங்களுக்குக் கேட்டுச்சும்மா."

"சாத்தான் எம்புள்ள கொரல எடுத்துக்கிட்டான்."

"நிஜ ரயில்னே அவனுக்குத் தெரியலம்மா. லாசரஸ் அங்கிள்கிட்ட வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"பிசாசு பேசுச்சுன்னு சபையில போய் சாட்சி சொல்லச் சொல்றியா?" என்று கிசுகிசுத்துவிட்டு, முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள்.

மறுநாள் மத்தியானம், ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரைப் போடச் சொல்லவில்லை. ஈவ்லினின் வலப்பக்கம் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு, வாய்த்த மத்தியானங்களில் எல்லாம் வந்தாள். எதிலும் செருகாத ஒயரைக் காதில் வைத்துக்கொண்டு கண்களை மூடிக்கொள்வாள். சில நாள் சிரிப்பாள். முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜெபம் பண்ணப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் லாசரஸோடு கை குலுக்குகிறாள். தன் மகன் தானாகப் போய் நிற்கவில்லை என்று அவரிடம் அவள் இன்றுவரை சொல்லவில்லை.