கடுகு இல்லாத வீடு

நாய் வீட்டில் இல்லாத இரண்டாம் நாள் மதியம், சோபாவின் விளிம்பில் ஒரு அரிசி கிடந்தது. எடுத்துப் போடலாம் என்று சோப்பு டீச்சர் விரலை நீட்டினாள். அரிசி மெல்ல நீண்டு, பிறகு சுருங்கியது.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஐந்து மாதமாகப் பார்க்கிறாள். தன் நாய் கடுகின் மெத்தையில், வாலடி மயிரில், சில நாள் வாசல் மிதியடியில். நாடாப்புழு கழற்றி விடும் துண்டுகள். காகிதத்தில் சுற்றிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கையை மூன்று முறை கழுவுவாள். ஆனால் கடுகை நேற்றுக் காலையே நாய் ஆஸ்பத்திரியில் விட்டாயிற்று. சோபா உறையைக் கொதிநீரில் அலசி, மூலைமுடுக்கெல்லாம் ஃபினாயில் போட்டுத் துடைத்தாயிற்று. அந்த வாடை இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. எங்கேயோ ஒன்று தப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு துடைத்தாள்.

வெளியே மழை விடாமல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. உள்ளே பாயில் தங்கையின் மகள் வாயைத் திறந்து தூங்கினாள். இரண்டு வயது. தங்கை இந்த வாரம்தான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். பாப்பா இனி தினமும் பெரியம்மா வீட்டில்தான். போன வாரம் அவள் கேட்டாள்: “அக்கா, கடுகுக்குப் பூச்சி கீச்சி எதுவும் இல்லையே? இவ அதுகூடவே உருளுறா.”

“எங்கிட்டயாடீ கேக்குற?”

கேட்டதில் தப்பில்லை. பதிலில்தான் தப்பு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நகத்தைத் திருப்பிப் பார்த்தவள் அவள். சோப்பு போட்டுக் கழுவாத கையை வரிசையிலிருந்து வெளியே இழுத்து எல்லாரும் பார்க்கக் காட்டியவள். வயிற்றுப்பூச்சி வந்த பையனைத் தனி பெஞ்சில் உட்காரவைத்தவள். ஊருக்கு உபதேசம் செய்த வாய், தன் வீட்டில் புழு நெளிகிறது என்று எப்படிச் சொல்லும்? நாயை முடி வெட்ட விட்டிருப்பதாகத் தங்கையிடம் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெட்கம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். முதல்முறை டாக்டர் மாத்திரை கொடுத்து, எடைக்குத் தகுந்த அளவு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும், தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்கணும் என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டாம் முறை புழு வந்தபோது அவர் முன்னால் போய் நிற்கக் கூசியது. அப்புறம் மருந்துக்கடையில் தானே வாங்கினாள். எடைக் கருவியில் கடுகு ஒரு நொடி நிற்காது. அதனால் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, தன் எடையான அறுபத்தெட்டைக் கழித்துவிடுவாள். அந்த அறுபத்தெட்டு, வருஷ ஆரம்பத்தில் ஒருநாள் தனியாக ஏறிப் பார்த்தது. பார்த்த அவமானத்தில் அதற்கப்புறம் தனியாக ஏறவே இல்லை.

கடுகு முதலில் ஆறு கிலோ. பிறகு ஐந்து. போன மாதம் மூன்று. புழு தின்று தீர்க்கிறது என்று அழுதாள். வயிறு மட்டும் உருண்டையாக இருக்க, அதுவும் புழுதான் என்று நினைத்தாள். எடைக்குத் தகுந்த மாதிரி மாத்திரையையும் பாதியாக்கினாள். பாப்பா தினமும் வர ஆரம்பித்த பிறகுதான் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கடுகை ஆஸ்பத்திரியில் விட்டாள்.

போன் அடித்தது. நாய் ஆஸ்பத்திரி.

“டீச்சர், நல்ல சேதி. நேத்தே சரியான அளவுல மருந்து குடுத்து, ரெண்டு தடவை சோதிச்சுட்டோம். இப்ப முட்டை, துண்டு எதுவுமில்ல. தெள்ளுகூட இல்ல. ஆமா, மூணு கிலோன்னு எழுதிக் குடுத்தீங்களே, யாரு எடை பாத்தது?”

“நான்தான் டாக்டர். ஏன்?”

“ஏழு கிலோ இருக்கு. கொழுகொழுன்னு இருக்கான். நீங்க குடுத்த மருந்து பாதிகூட பத்தியிருக்காது, அதான் திரும்பத் திரும்ப வந்திருக்கு. கருவியை மாத்துங்க.”

குளிர்ப்பெட்டி உறுமி அடங்கியது.

“வீட்ல வேற யாருக்கும் தொந்தரவு இல்லையே? ரொம்ப அபூர்வம். இருந்தாலும் கேக்கிறேன். சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?”

“இல்ல டாக்டர்,” என்றாள். நாக்கு தானாகச் சொன்னது. “நானும் நாயும்தான்.”

போனை வைத்தாள். பாப்பா புரண்டு படுத்தாள். கருவி கட்டிலுக்கு அடியில் இருந்தது. குனிந்து இழுத்தபோது சிமெண்டுத் தரையில் கிறீச்சென்றது. இந்தக் கருவியில் என்ன கோளாறு இருக்கும் என்று யோசித்தாள். கோளாறு இருந்தால் நல்லது. கடவுளே, கோளாறாக இருக்கட்டும்.

சமீபமாக ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி “இளைச்சு அழகாயிட்டீங்களே” என்றபோது உள்ளுக்குள் பூரித்துப் போனாள். பசி மட்டும் அடங்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளை நினைப்பு. வயசாகிறது, அதற்கென்ன என்று விட்டுவிட்டாள்.

ஏறினாள். முள் ஆடியது. நின்றது.

அறுபத்துநான்கு.

இறங்கி, மறுபடி ஏறினாள். அறுபத்துநான்கு. இளைத்தது நாய் இல்லை. அது ஒருநாளும் இளைக்கவில்லை. தான் அதைச் சுமந்துகொண்டு நிற்க, தன் உடம்பிலிருந்து போனதையெல்லாம் அதன் கணக்கில் எழுதியிருக்கிறாள்.

அடிவயிற்றில் ஏதோ திரும்பிப் படுத்தது. வலி இல்லை. அசைவு மட்டும். நீளமான, அவசரமில்லாத அசைவு.

தங்கையைக் கூப்பிட வேண்டும். வந்து தூக்கிக்கொண்டு போ என்று சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம். போனைக் கையில் எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் வரும் கேள்விகள் எல்லாம் வரிசையாக நின்றன. எத்தனை நாளா, அக்கா? அப்ப அன்னைக்கு ஏன் இல்லேன்னு சொன்ன? இவளுக்கு உன் கையாலதானே ஊட்டின? கன்னம் எரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் தனி பெஞ்சில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கையில் போன் அதிர்ந்தது. தங்கையே.

“அக்கா, மழையா இருக்கு, மேனேஜர் சீக்கிரம் போகச் சொல்லிட்டாரு. வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?”

ஆமாம் என்று சொல். சொல்லடி.

“எதுக்கு? நனைஞ்சுக்கிட்டு வராத. வழக்கம்போலவே வா.”

“எந்திரிச்சுட்டாளா?”

பாய் காலியாக இருந்தது. பாப்பா எப்போது எழுந்தாள்? சோபாவின் மறுபக்கம், அவளுக்குப் பின்னால், குட்டி மூச்சுச் சத்தம். திரும்பினாள். கருவியை இழுக்கக் குனிந்து எழுந்தபோது விலகியிருந்த சேலையின் மடிப்பில், அவள் உட்கார்ந்த உறையில், வெள்ளை வெள்ளையாய். ஒன்று. ஆறு. எண்ண முடியவில்லை. எல்லாம் அசைந்தன.

அதன் அருகே பாப்பா முழங்கால் போட்டு நின்றாள். இரண்டு விரலால், பொறுமையாக, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“அக்கா? லைன்ல இருக்கியா? என்ன பண்றா?”

கை நீளவில்லை. சத்தம் வரவில்லை. வந்தது வேறொன்று.

“சமத்தா இருக்கா,” என்றாள் சோப்பு டீச்சர்.

பாப்பா பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். வாய் மென்றுகொண்டிருந்தது. ஈரமான கீழுதட்டில் ஒன்று மட்டும் ஒட்டியிருந்தது. நீண்டது. சுருங்கியது. மறுபடி நீண்டு, பால் பற்களுக்கு இடையே மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.