புளியில் துலக்கிய கும்பெனிக் காசு

'வீல்ல்ல்...!'

அலறியது மனிதன் இல்லை. மெஷின்!

ஏரம்பமூர்த்தி கையிலிருந்த வளையத்தைச் சட்டென்று மேலே தூக்கினான். காதுக்குள் ஊளை அடங்கியது. ஆனால் என்ன பிரயோஜனம்? அதே மெஷினிலிருந்து கிளம்பிய இன்னொரு கம்பி தங்கராஜுவின் காதுக்குப் போயிருந்ததே!

"இங்கதான்லா," என்றான் தங்கராஜு. அதையே ஜப்பான் பாஷையில் சார்ஜெண்ட் ஓகுராவிடமும் சொன்னான்.

உச்சி வெயில். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டிய சந்தில், ஷேக் அலாவுதீனின் பாத்திரக் கடைக் கொல்லை. கடையில் அண்டாவும் தாம்பாளமும் தூசி படிந்து கிடந்தன. அரிசியே கிடைக்காத ஊரில் அண்டாவை யார் வாங்குவார்கள்?

இரண்டு சிப்பாய்கள் தோண்டினார்கள். அரை முழ ஆழத்தில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். அதற்குள் எண்ணெய்த் துணி. துணிக்குள்...

ரேடியோ!

1943-ல், ஜப்பான்காரன் பிடியிலிருந்த பினாங்கின் ஜார்ஜ் டவுனில், வெளிநாட்டுச் செய்தி கேட்கும் ரேடியோ வைத்திருந்தால் தண்டனை என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஷேக் அலாவுதீன் ஓகுராவைப் பார்க்கவில்லை. ஏரம்பமூர்த்தியைத்தான் பார்த்தார். "இது என்னுது இல்ல, மூர்த்தி. நீயாவது சொல்லுப்பா."

மூர்த்தியின் வாய் திறந்தது. அதற்குள் ஓகுராவின் வாள் உறையை விட்டு வெளியே வந்துவிட்டது.

சதக்!

தலை ஒரு தாம்பாளத்தின் மேல் விழுந்து 'ணங்' என்று சத்தம் எழுப்பியது. உடல் ஒரு கணம் மண்டியிட்டபடியே நின்று, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. ரத்தம் சூடாக மூர்த்தியின் முழங்கால் வரை தெறித்தது. மெஷினின் வளையம் முழுக்கச் சிவப்பு.

அந்த மெஷின் அவன் கையால் செய்தது!

டெலிபோன் இலாகாவில் மண்ணுக்குள் போன கேபிளைத் தேடுகிற வேலை அவனுக்கு. அந்த வித்தையை வைத்து ஒரு மரவளையம், செம்புக் கம்பிச் சுருள், இரண்டு வால்வு, ஒரு பேட்டரி, காதுக்கு ஒரு இயர்போன் என்று தானே ஒரு கருவி செய்தான். எதற்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெலுத்தோங் கடற்கரையில் பழைய கும்பெனிக் காசு தேடுவதற்கு! கிழக்கிந்தியக் கும்பெனிக்காரன் பினாங்குக்கென்று அடித்த செம்புக் காசுகள் சேற்றுக்குள் கிடக்கும். மெஷின் ஊளையிடும். இவன் தோண்டுவான். கூடவே வந்து, கிடைத்ததை உள்ளங்கையில் வைத்துக் குழந்தை மாதிரிச் சிரிப்பவர் ஷேக் அலாவுதீன்.

அந்த விளையாட்டை ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பித்தாய்க்காரர்களிடம் காட்டிக்கொடுத்தவன் பக்கத்து வீட்டுத் தங்கராஜு. முன்பு துறைமுகத்தில் சாமான் எடுபிடி. இப்போது துபாஷி! அன்றிலிருந்து மூர்த்தி காசு தேடவில்லை. மனிதர்கள் புதைத்து வைத்ததைத் தேடுகிறான்.

"தொடைச்சிட்டுக் கிளம்புங்கண்ணே," என்றான் தங்கராஜு, ஏதோ மழையில் நனைந்த குடையைச் சொல்வது போல.

மூர்த்தி வளையத்தைத் துடைக்கக் குனிந்தான்.

அப்போதுதான் அதைப் பார்த்தான்.

தோண்டிப் போட்ட மண்ணில், தகரம் இருந்த குழியின் ஓரத்தில்... ஒரு காசு. கும்பெனிக் காசு. 1810 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அவனுடைய மண்வெட்டியே பட்டு விழுந்த தழும்பு!

செருப்பால் அதை மிதித்தான். துணியைக் கீழே நழுவவிட்டு, எடுப்பது போல எடுத்து மடியில் செருகினான்.

அது பளபளவென்று இருந்தது. புதுத் தாலிக்கொடி கூட அப்படி மின்னாது!

*

லாரி ஜெலுத்தோங்கை நோக்கி ஓடியது. ஓகுரா முன்னால். மூர்த்தியும் தங்கராஜுவும் பின்னால், மெஷினுக்கு இரண்டு பக்கமும்.

தங்கராஜுவின் கை அடிக்கடி இடுப்புக்குப் போனது. அங்கே ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றில் கட்டியிருந்த துணி முடிச்சு அவிழ்ந்து கிடந்தது.

"அண்ணே, அங்க ஏதாச்சும் எடுத்தீங்களா?"

இல்லை என்றான் மூர்த்தி.

தங்கராஜு அவன் கண்ணையே பார்த்தான். பிறகு சிரித்தான். மெஷினை ஒரு குழந்தையைத் தட்டுவது போலத் தட்டிக் கொடுத்தான். "இதுல எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு இப்ப எனக்கே தெரியுதுண்ணே. இனிமே ரெண்டு பேரு எதுக்கு? நாளைக்கு நம்ம ஏரியாதான். உங்க வீட்டுலேர்ந்துதான் ஆரம்பம்லா."

மூர்த்தி மடியை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

*

வீட்டுக்குள் நுழையும்போதே அந்தச் சத்தம். 'கறக்... கறக்... கறக்...'

புஷ்பராணி அடுப்படியில் குந்தியிருந்தாள். பழைய பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சட்டி. சட்டியில் புளித்தண்ணீர். அதில் அவனுடைய காசுகள்! புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து தீராத சண்டை இது. பழைய காசின் மேல் படிந்த களிம்புதான் அதன் வயசு, அதைத் தேய்க்காதே என்று அவன் தலைப்பாடாக அடித்துக்கொள்வான். தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, தீக்குச்சி முனையால் மண்ணை மட்டும் நோண்டி எடுப்பான். அவள் கேட்கமாட்டாள். குத்துவிளக்குக்குப் புளி கரைக்கும்போது காசையும் அள்ளிப் போட்டுவிடுவாள். அதிலும் ஜப்பான் சண்டை தொடங்கியதிலிருந்து தினமும் தேய்க்கிறாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று கூட அவனுக்குப் பயம்.

அன்றைக்கு அவன் சண்டை போடவில்லை. நடந்ததைச் சொன்னான். சொல்லும்போதே அழுதான். பிறகு மடியிலிருந்த காசை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இது நீ புளியில துலக்கினது. ராசிக்கு எண்டு தங்கராஜு உன்னட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. ஈர மண்ணுக்குள்ள ஒரு கிழமை கிடந்தாலே செம்பு கறுத்துப் போகும். இது மின்னுது! அப்ப அந்தக் குழி நேற்றோ முந்தாநேற்றோ வெட்டினது. வெட்டினவன் குனியேக்க இது இடுப்பிலயிருந்து விழுந்திருக்கு. பாயின்ர கடையைப் பிடிக்க அவனே ரேடியோவைப் புதைச்சு, அவனே எடுத்துக் குடுத்திருக்கிறான்."

புஷ்பராணியின் கை நின்றது. கண் கலங்கியது. ஷேக் அலாவுதீன் அவளுக்கு அண்ணன் மாதிரி.

"மண்ணெண்ணெய்த் தகரத்திலயோ வைச்சிருந்தவன்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றான். அவள் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

நாளைக்கு நம் வீடு என்றான் மூர்த்தி. இதே வித்தையைத் தங்கராஜு இங்கேயும் காட்டுவான். கடலைக் கடந்து அக்கரையிலுள்ள பைராம் தோட்டத்துக்கு ஓடிவிடலாம், அங்கே அவளுடைய சிநேகிதி இருக்கிறாள் என்றான்.

"ஓடினா குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி. இந்தக் காசைப் பத்திரமா வைச்சிருங்கோ. நான் கேக்கேக்க தாங்கோ."

எழுந்தாள். மரவள்ளித் தோலை ஒரு பெரிய கூடையில் நிரப்பினாள். தங்கராஜுவின் கோழிகளுக்குப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். தங்கராஜு ஓகுராவோடு சாராயம் குடிக்கப் போயிருந்தான்.

"அவன்ர கோழிக்கோ?" மூர்த்திக்கு ஆத்திரம்.

"கோழி என்ன பாவம் செய்தது?"

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடியே நடந்து போனாள்.

*

காலையில் வந்துவிட்டார்கள்.

ஓகுரா, சிப்பாய்கள், தங்கராஜு. தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. மூர்த்தியின் காதில் ஒரு இயர்போன், தங்கராஜுவின் காதில் ஒன்று. வளையம் தரையைத் தடவிக்கொண்டு போனது. கிணற்றடி... ஒன்றுமில்லை. வேலியோரம்... ஒன்றுமில்லை.

தங்கராஜு அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். வாழை மரத்தடிக்கு!

'வீல்ல்ல்...!'

மூர்த்தியின் கையிலேயே மண்வெட்டியைக் கொடுத்தார்கள். தன் குழியைத் தானே வெட்டுகிற மாதிரி வெட்டினான். 'டங்' என்றது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு தகரத்தின் மூலை எட்டிப் பார்த்தது.

"ராஜியோ! ராஜியோ!" என்று ரேடியோவை ஜப்பான் உச்சரிப்பில் சொல்லி ஓகுராவைப் பார்த்துக் கத்தினான் தங்கராஜு.

ஓகுராவின் கை வாளுக்குப் போனது. ஒரு சிப்பாய் தகரத்தை உருவி, மூடியை நெம்பி, கவிழ்த்தான்.

கலகலகலவென்று...

காசுகள்! கும்பெனிக் காசுகள். ஒவ்வொன்றும் தீக்கங்கு போல மின்னியது. புளி வாசம் கூட இன்னும் போகவில்லை.

தங்கராஜுவின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஓகுராவின் புறங்கை அந்த முகத்தில் இறங்கியது. பளார்! உதடு கிழிந்தது.

அந்த நேரம் பார்த்துப் புஷ்பராணி படியிறங்கி வந்தாள். இடுப்பு வளைய ஒரு ஜப்பான் கும்பிடு. பிறகு, தங்கராஜு கனவிலும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். ஜப்பான் பாஷையில் பேசினாள்!

அவளைப் போன்ற பள்ளிக்கூடத்து ஆசிரியைகளையெல்லாம் நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழி வகுப்பில் உட்காரவைத்தது ஜப்பான்காரன்தானே? மூர்த்திக்குப் பாதி புரியவில்லை. அவள் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டான். தகரத்தைக் காட்டினாள்: திறப்பதற்கு முன்பே உள்ளே ரேடியோ என்று இவனுக்கு எப்படித் தெரியும்? பிறகு கணவன் பக்கம் கையை நீட்டினாள். மூர்த்தி தழும்புக் காசை வைத்தான். நேற்று கடைக் குழியில் கிடந்தது இது, யாருடையது என்று கேளுங்கள் என்றாள்.

தங்கராஜுவின் கை அவனையும் மீறி இடுப்புக் கயிற்றுக்குப் போய்விட்டது!

ஓகுரா அதைப் பார்த்தான்.

குற்றமில்லாத ஒருவரை வெட்டியது அவனைத் துளியும் உறுத்தவில்லை. ஒரு கூலிப் பயல் தன் வாளைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைத்திருக்கிறான் என்பதுதான் உறுத்தியது. வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். நடந்தார்கள். தங்கராஜுவின் வீடு. அவன் கோழிக்கூடு. வளையம் அதற்குக் கிட்டே போனதும்...

'வீல்ல்ல்...!'

கூட்டை உதைத்துச் சாய்த்தார்கள். கோழிகள் பறந்தன. வைக்கோலுக்கும் மரவள்ளித் தோலுக்கும் அடியில், மரப்பெட்டிக்குள், ஒரு ரேடியோ.

"இது எனக்குத் தெரியாது... இது என்னோடது இல்ல..." என்றான் தங்கராஜு.

ஷேக் அலாவுதீனும் இதைத்தான் சொன்னார்!

தங்கராஜுவின் கண்கள் மூர்த்தியின் மேல் திரும்பின. அந்தக் கண்ணில் மனிதன் இல்லை. பாய்ந்து மண்வெட்டியைப் பிடுங்கினான். மண்டையைக் குறி வைத்து ஓங்கினான். மூர்த்தி மெஷினைத் தூக்கி முன்னால் பிடித்தான். படார்! வளையம் பிளந்தது, வால்வுகள் நொறுங்கின, கண்ணாடித் தூள் முகத்தில் பறந்தது. மண்வெட்டி வழுக்கி அவன் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்தான்.

இரண்டாவது தடவை தங்கராஜு ஓங்கினான். மண்வெட்டி இறங்கவில்லை.

ஓகுராவின் வாள் முதுகில் நுழைந்து வயிற்றில் வெளியே வந்திருந்தது!

தங்கராஜு குனிந்து அந்த முனையை ஆச்சரியமாகப் பார்த்தான். வாள் உருவப்பட்டது. குடல் சரிய, கோழிகளுக்கு நடுவில் குப்புற விழுந்தான். விரல்கள் இரண்டு தடவை மண்ணைப் பிறாண்டின. பிறகு நின்றன.

ஓகுரா வாளைத் தங்கராஜுவின் சட்டையிலேயே துடைத்தான். கோழிக்கூட்டு ரேடியோவையும், உடைந்த மெஷினையும் லாரியில் எறியச் சொன்னான். இனி அதைச் சரிசெய்ய ஊரில் வால்வு கிடையாது. அதைத் தூக்கி ஆட்ட மூர்த்திக்குக் கையும் கிடையாது.

வலியிலும் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த மெஷின் இனி யாரையும் கொல்லாது.

*

சாயங்காலம். தோளில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. புஷ்பராணி அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மெல்லக் கேட்டான். வாழையடியில் புதைத்ததை எப்படிக் கண்டுபிடித்தாள்?

"முந்தாநாள் நீங்கள் வேலைக்குப் போனபிறகு வந்தவன். அக்கா, மரவள்ளி நட்டுத் தாறன் எண்டான். ஒருநாளும் மண்வெட்டி பிடிக்காதவன், தகரத்தோட வந்து நிண்டா நான் நம்புவனோ? அவன் போனதும் உள்ளுக்கிருந்த ரேடியோவைக் கிண்டி எடுத்திட்டு உங்கட காசைப் போட்டு மூடினன்."

"அதைத்தானே அவன்ர கோழிக்கூட்டில கொண்டுபோய் வைச்சனி?"

"இல்லை."

அவள் அண்டாவுக்குக் கீழே, பல நாளாகப் பற்றவைக்காத அடுப்புக் குழிக்குள் கையை விட்டாள். எண்ணெய்த் துணியை விலக்கினாள். உள்ளே புத்தம் புது ரேடியோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

மூர்த்தி எட்டிப் பார்த்தான். "அப்ப... அங்க எடுத்தது?"

"எங்கட பழசு. அப்பா தந்தது. சண்டை தொடங்கின நாளிலயிருந்து இந்த அடுப்புக்குள்ளதான் இருந்தது."

ஊரெல்லாம் மெஷின் வைத்து ரேடியோ தேடியவன் தன் வீட்டு அடுப்பைத் தேடவில்லை! அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாளாக அவள் காசு தேய்த்தது ஏன் என்பது அப்போதுதான் உறைத்தது. 'கறக் கறக்' என்ற சத்தத்துக்குள் ரேடியோவின் குரல் வெளியே கேட்காது.

"பழசு ஒரே இரைச்சல். எப்பிடியும் மாத்தத்தான் இருந்தன்," என்றபடி புஷ்பராணி குமிழைத் திருகினாள். புளிச்சட்டியை அவன் பக்கம் தள்ளினாள். "வலது கை நல்லாத்தானே இருக்கு? செய்தி தொடங்கப் போகுது... காசைத் தேயுங்கோ!"