இருக்கைக்குக் கீழே ஒரு சுவிட்ச்

டெலிபோன் அலறியது.

விஜிதா பாய்ந்து எடுத்தாள். ஆஸ்பத்திரியோ என்று நெஞ்சு பதறியது.

"மிஸ், பசறைப் பொலிஸ்ல இருந்து சார்ஜன்ட் ஷுக்ரி பேசுறன். ஒங்கட காரை நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போங்க. எங்கட வேலை முடிஞ்சிது."

"ஆளைப் பிடிச்சிட்டீங்களோ?"

"இல்ல மிஸ். தேடிக்கிட்டுத்தான் இருக்கம்."

விஜிதா பதுளையில் கணக்கு டீச்சர். கணவர் தர்மராசாவுக்கு மொனராகலைக் கச்சேரியில் அரசாங்க வேலை. போன வாரம் அங்கிருந்து காரில் வீடு திரும்பியவர், பசறைக்குக் கீழே ஒரு வளைவில், தேயிலைச் செடிகளுக்குள் மண்டை உடைந்து கிடந்தார். கார் மட்டும் பசறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றது.

யாரோ வழிப்பறிக்காரன் என்றது பொலிஸ்.

அன்றிலிருந்து அவர் கண் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, தம்பி நிருபனோடு பசறைக்கு பஸ் ஏறினாள். நிருபன் பதுளையில் லொறி ஓட்டுபவன். இந்த ஒரு வாரமும் அக்காவுக்குச் சோறு கொண்டு வந்தவன் அவன்தான். வார்டு வாசலில் நின்று அழுதவனும் அவன்தான்.

திரும்பும்போது அவனே காரை ஓட்டினான்.

பசறையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. கார் முக்கியது. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் மெல்ல... மெல்ல... சிவப்பை நோக்கி ஏறியது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அடிபட்ட அன்று பின்னேரம் புறப்படுமுன் தர்மராசா போன் எடுத்திருந்தார்.

"ரேடியேட்டர் ஃபேன் தானாச் சுத்துதில்லை விஜி. ஏற்றத்திலை கொதிச்சுப்போடும். இப்பதான் கராஜ் நிஷாந்த் பாஸ் தனியா வயர் இழுத்து, சீட்டுக்குக் கீழை ஒரு சுவிட்ச் பூட்டித் தந்தவர். சூடு ஏறினா நான்தான் போடவேணும்."

பிறகு வந்த இடியில் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

"தம்பி, முள்ளைப் பார்..." என்று வாயெடுத்தாள்.

நிருபனின் கண் ரோட்டில்தான் இருந்தது. வலது கை மட்டும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது. இருக்கைக்குக் கீழே போனது. துழாவவே இல்லை.

டிக்.

முன்னால் ஃபேன் இரைந்தது. முள் இறங்கியது.

விஜிதா அவன் கையையே பார்த்தாள்.

"என்னக்கா?"

"அந்தச் சுவிட்ச்... உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அத்தான் முந்தி ஒருக்காக் காட்டினவர்."

"முந்தியோ? அது அண்டைக்குப் பின்னேரம்தான் பூட்டினது. அண்டைக்கு முழுக்கப் பதுளையிலை நிண்டனான் எண்டு நீ பொலிசுக்குச் சொன்னனி."

கார் தடுமாறி ரோட்டோரத்தில் நின்றது. அவள் கதவுக்கு வெளியே... பள்ளம்.

கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் குனிந்து பார்த்தாள். "என்னாங்க, வண்டி நின்னுருச்சா?"

"ஒண்டுமில்லை. நீங்க போங்கோ," என்றான் நிருபன்.

அவள் நடந்தாள். விஜிதா கூப்பிடுமுன் அவள் தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிட்டாள்.

"தெமோதரையிலை போன மாசம் ஒரு தோட்டத்துப் பொம்பிளை லொறி அடிச்சுச் செத்தாவெல்லே..." நிருபன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னான். "என்ரை லொறிதான். நிப்பாட்டாமல் வந்திட்டன். அத்தானுக்கு அது தெரிஞ்சு போச்சு. கதைச்சுப் பாப்பம் எண்டு மொனராகலைக்குப் போனன். காரிலை ஏத்திக்கொண்டு, நேரே பொலிசுக்குப் போவம் எண்டார். ஏற்றத்திலை அந்தச் சுவிட்சைப் போட்டார். வளைவிலை நிப்பாட்டச் சொன்னன். இறங்கினார். தள்ளினன். கல்லிலை..."

"உயிர் இருக்கோ எண்டு பாத்தனியோ?"

நிருபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தப் பொம்பிளைக்குப் பேர் அங்கம்மா. அவவின்ரை மகள் என்ரை வகுப்பு."

நிருபன் கியரில் கை வைத்தான்.

"ஆருக்கும் தெரியாதக்கா. உனக்கு மட்டும்தான்."

அவன் பார்வை அவள் பக்கத்துப் பள்ளத்துக்குப் போய் வந்தது.

விஜிதா அவனை நேராகப் பார்த்தாள். குரலை நடுங்க விடவில்லை.

"எனக்கு மட்டுமில்லை. விடியப்புறம் அத்தான் கண் முழிச்சிட்டார். பதுளைப் பொலிஸ் வாக்குமூலம் எழுதிக்கொண்டு இருக்கு."

"பொய். பஸ்ஸிலை ஏன் சொல்லேல்லை?"

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு பொலிஸ் சொன்னது. ஏனெண்டு இப்பதான் விளங்குது. நீயாப் போய்ச் சொன்னா உனக்குக் கொஞ்சமாவது நல்லது."

நிருபன் ஸ்டியரிங்கில் நெற்றியை மோதினான். குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பிறகு காரைத் திருப்பினான்.

பசறைப் பொலிசில் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்தும் போட்டான். லொக்கப் கதவு பூட்டப்பட்டது. ஷுக்ரி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். ரிசீவரை வைத்தபோது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மிஸ்... ஒங்கட ஹஸ்பண்ட் இன்னம் கண்ணே தொறக்கல்லயாம். வாக்குமூலம் எடுக்க யாரும் போகவும் இல்லயாம்."

"தெரியும்," என்றாள் விஜிதா.

கம்பிகளுக்குப் பின்னால் நிருபன் எழுந்தான்.

"அக்கா... நீ பொய் சொன்னனியோ?"

விஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்ரா, எங்கட வீட்டிலை நீ மட்டும்தான் பொய் சொல்லலாம் எண்டு சட்டமோ?"