விசிலடித்த நீலக் குண்டு

ஷோகேஸ் மேலிருந்த நீலக் குண்டு மெல்ல விசிலடித்தது.

டேவிட் ராஜ் டீ டம்ளரோடு நின்றுவிட்டான். கடலூர் முதுநகரில் சாயங்காலக் கடல்காற்று கருவாட்டு வாசனையையும் துரு வாசனையையும் சேர்த்துக்கொண்டு ஜன்னலுக்குள் வருவது தினமும் உள்ளதுதான். ஆனால் இரண்டு மாதமாக அதே இடத்தில் இருந்த அவனுடைய குண்டு ஒருநாளும் மூச்சு விட்டதில்லை.

இது அவனுடையது இல்லை. மத்தியானம் சிதம்பரத்தில், தங்கை ரீட்டா மாடியில் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, அவள் புருஷன் லியோவின் குண்டைச் சாக்கில் போட்டுக்கொண்டு தன்னுடையதை அங்கே நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

இருவருக்கும் பழைய இரும்பு வியாபாரம். லியோ மாடி வீடு கட்டியதைக்கூட டேவிட் பொறுத்துக்கொண்டான். கடற்படைக்காரர்கள் பீரங்கிப் பயிற்சிக்கு வைத்திருந்த வெத்துக் குண்டு ஒன்றை லியோ ஏலத்தில் எடுத்து ஹாலில் நிறுத்தியதும், வந்தவர் போனவரெல்லாம் அதோடு செல்ஃபி எடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இவனும் கடலில் வலையில் சிக்கிய குண்டு ஒன்றை மீனவர்களிடம் பேரம் பேசி வாங்கினான். சிப்பியைச் சுரண்டி அதே நீலத்தை அடித்தான். அசலில் பக்கவாட்டில் நாலு துளை இருந்தது. இவன் கறுப்பு பெயிண்டில் நாலு வட்டம் போட்டான்.

"என்னா மச்சான், திருஷ்டிப் பொட்டா?" என்றான் லியோ.

ஒன்றில் மட்டும் இவனுக்குப் பெருமை. லியோவுடையதைவிட இவனுடையது கனம் ஜாஸ்தி. இரும்பு வியாபாரிக்குக் கனம்தானே நயம்.

மறுபடி விசில். கிட்டப் போய்த் துளையில் கண்ணை வைத்தான். எதிர்த்துளையில் ஜன்னல் தெரிந்தது. வானம் தெரிந்தது. நடுவே ஒன்றுமில்லை.

உள்ளே காலி. அதனால்தான் லேசு.

அப்படியானால் தன் குண்டின் அந்தக் கனம்?

அதன் மூக்கில் கசிந்த பழுப்பு நீர். கசப்பு வாசனை. இவன் துடைத்துத் துடைத்துப் பூசிய நீலம்.

போன் அடித்தது. லியோ. கோபமில்லை, குஷி.

"தூக்கிட்டுப் போயிட்டியாமே மச்சான். நீயே வச்சுக்க. உன்னோடதை நான் அசலாக்கிடுறேன். பொட்டு வச்ச எடத்துல துளை போட்டா தீந்துது. ரீட்டாதான் புடிச்சிக்கிட்டிருக்கா."

அதில் வெடிமருந்து இருக்கிறது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதற்கு லியோவுடையதுதான் அசல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு மூச்சு போயிற்று.

"லியோ, வேணாம், அது..."

டிரில் சத்தம் அவன் குரலை விழுங்கியது. ரீட்டாவின் சிரிப்பு. இரும்பைக் கடிக்கும் கிறீச்சிடல்.

ஷோகேஸ் மேல் விசில்.

போனில் கிறீச்சிடல் சட்டென்று அடங்கியது. டிரில் நிற்கவில்லை. சோப்புக் கட்டிக்குள் இறங்குவதுபோல், மெத்தென்று, சுற்றிக்கொண்டே இருந்தது.